கரையில் மாட்டிய லென்ஸ்

லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் எல்லாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள் ஐயா. தொண்டியிலிருந்து தூத்துக்குடி வரைக்கும், தண்ணீருக்கடியில் படம் எடுக்க ஆசைப்படுகிறவன் எவனாக இருந்தாலும் கடைசியில் என் போனுக்குத்தான் வருவான். கேமராவைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன். இப்போது வருகிற மிரர்லெஸ் எல்லாமே நல்ல கேமராதான், உன் கைக்கு எது அடக்கமோ அதை வாங்கிக்கொள் என்பேன். லென்ஸ் என்று பேச்சு வந்தால்தான் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பேன்.

நீங்களும் லென்ஸைப் பற்றித்தான் கேட்டீர்கள். திங்கட்கிழமையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருந்தது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது என்றே கேட்டார்கள். நீங்கள் ஒருவர்தான், "உங்க மச்சினன் கேமராவுல அன்னிக்கு எந்த லென்ஸு? அத ஏன் போட்டான்?" என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. நான் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். எழுதுகிறவரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள்.

அம்மார் என் மனைவி நஸீராவின் ஒரே தம்பி. கீழக்கரையில் படித்துவிட்டு, மண்டபத்தில் நான் வைத்திருக்கும் டைவிங் கடைக்கே வந்துவிட்டான். நீந்தவும் மூழ்கவும் படம் எடுக்கவும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் அவனும் நானும் தென்கடலில் ஒன்றாக இறங்கினோம். ஏறி வந்தது நான் மட்டும். அவனை நீரோட்டம் கொண்டுபோய்விட்டது என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

லென்ஸ் விஷயம் ரொம்ப எளிது. கரையில் படம் எடுக்கிறவன் பொருளைப் பற்றி யோசித்தால் போதும். தண்ணீருக்குள் எடுக்கிறவன், தனக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று யோசிக்க வேண்டும். அது குறையக் குறையப் படம் நன்றாக வரும். அதற்கு இரண்டே வழி. ஒன்று, அகலமாகப் பார்க்கிற வைடு லென்ஸ். பாறையில் மூக்கு முட்டுகிற அளவுக்கு நெருங்கினாலும் பாறை, மீன், பின்னால் நீந்துகிற ஆள் எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். இன்னொன்று மேக்ரோ. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிற உயிரைப் படம் முழுக்கக் காட்டுகிற லென்ஸ். கேமராவோடு சேர்த்துத் தருகிற சாதாரண ஜூம் லென்ஸ் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. எங்கே பார்த்தாலும் நிற்கும், ஒரு வேலைக்கும் ஆகாது.

தண்ணீர் தெளிவாக இருந்தால் வைடு. கலங்கலாக இருந்தால் மேக்ரோ. கலங்கலில் வைடு போட்டால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் தூசியெல்லாம் பளிச்சென்று நிற்கும், மாவு சலித்த மாதிரி இருக்கும் படம். எதைப் போடுவது என்பதைக் கரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கேமராவைத் தண்ணீர் புகாத அலுமினியக் கூட்டுக்குள் வைத்து, ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவி, ஏசி அறையில் மூடினால் மூடினதுதான். படகில் வைத்து அந்தக் கூட்டை யாரும் திறக்கக் கூடாது. ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போதும், கேமரா போய்விடும். இது என் கடையின் சட்டம். அம்மார் அதை ஒருநாளும் மீறினதில்லை.

மேக்ரோவில் ஒரு சங்கடம் உண்டு. அதில் தெளிவாக விழுகிற இடத்தின் கனம் ஒரு அரிசி அளவுகூட இருக்காது. மூச்சு விட்டால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் படம் போச்சு. அதனால் கூட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற குழாயில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பான் எடுக்கிறவன். வண்டிக்குதிரைக்குக் கண்பட்டை கட்டினது போலத்தான். பக்கத்தில் சுறா வந்து நின்றாலும் தெரியாது.

அதற்காக எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். மேக்ரோ எடுக்கிறவன் தலையைத் தூக்க மாட்டான். கூட வருகிறவன்தான் இரண்டு பேருடைய காற்றையும் பார்ப்பான், பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்ப்பான். எதிலாவது சிக்கினால் அறுக்கிற கத்தியும் அவன் காலில்தான் இருக்கும். தோளில் ஒரு தட்டுத் தட்டினால் இங்கே பார் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் காற்று குறைகிறது, மேலே போவோம். "நீங்க தட்டுனாத்தான் மச்சான் நான் தலையத் தூக்குவேன்" என்பான் அம்மார். வளைகுடாவில், ஃபுஜைராவில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் இதைக் கேட்டால் செருப்பால் அடிப்பார். அவரவர் காற்றை அவரவர் பார்க்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே.

ஆனால் இந்தக் கரையில் வழக்கம் வேறு. முத்துக் குளித்த காலத்தில் மூழ்குகிறவனுடைய கயிற்றை மேலே பிடித்திருப்பது அவன் மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். தன் அக்காள் வெள்ளைச் சேலை கட்டுவதை எவனும் விரும்ப மாட்டான், உயிரைக் கொடுத்தாவது இழுத்துவிடுவான் என்று கணக்கு. நஸீராவே அடிக்கடி சொல்வாள், "என் தம்பி கூட இருக்கையில எனக்கென்ன பயம்" என்று. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு யாரும் பார்த்ததில்லை. மூழ்குகிறவன் மச்சினன், கயிறு பிடிக்கிறவன் அக்காள் புருஷன் என்றால் என்ன ஆகும் என்று அம்மாரும் யோசித்ததில்லை.

இனி என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டிசம்பரில், வாடைக்காற்று கொஞ்சம் ஓய்ந்த ஒருநாள், நாங்கள் இரண்டு பேரும் சும்மா ஒரு பார் பார்க்க இறங்கினோம். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத்திட்டு. பாதி வழியில் தண்ணீர் மூட்டமாகிவிட்டது. எனக்கு அது புதிதில்லை, எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் மேலே எது, கீழே எது என்று எனக்குப் புரியாமல் போயிற்று. மூச்சு இழுக்கிறேன், காற்று வருகிறது, ஆனாலும் வரவில்லை வரவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வாயில் இருக்கிற குழாயைப் பிடுங்கி எறிந்தால் மூச்சு வந்துவிடும் என்று தோன்றியது. பிடுங்கியும் விட்டேன். உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது. அம்மார்தான் என் பின்கழுத்தைப் பிடித்து, குழாயைத் திரும்ப வாய்க்குள் திணித்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டி என் கண்ணையே பார்த்தபடி மேலே கூட்டிவந்தான்.

படகு ஓட்டுகிற மாரீஸ்வரன் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, "என்னண்ணே, மொகம் இப்பிடி வெளிறிப்போச்சு?" என்று கேட்டான்.

அம்மார் எனக்கு முன்னால் பதில் சொன்னான். "மச்சானுக்குக் காது அடைச்சுக்கிச்சு மாரி. சளி புடிச்சிருக்கு."

அன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுக்கூட வேண்டியதில்லை, தண்ணீர் போதும். குளிக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டேதான் தலையில் ஊற்றுவேன். தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது மூக்கில் தண்ணீர் ஏற்றுகிற இடம் வந்தால் என்னால் ஏற்ற முடியாது. பள்ளிவாசலில் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரோ என்று மூக்கை வெறும் விரலால் தொட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இந்த ஊரில் எனக்கு டைவர் நுஃமான் என்று பெயர். பாம்பனில் படகு கவிழ்ந்தாலும், தீர்த்தமாட வந்தவர் யாராவது அலையில் போனாலும், உங்கள் ஸ்டேஷனிலிருந்தே எனக்குத்தான் போன் வரும். நான் குளியலறைச் சொம்புக்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

அம்மார் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், பொய் என்று சத்தியம் செய்திருக்கலாம். அவன் ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னால் தண்ணீருக்குள் குதித்து, அண்ணாந்து என்னைப் பார்ப்பான். "மச்சான், நீங்க மேல இருந்து பாருங்க, நான் போயிட்டு வாரேன்" என்று வாடிக்கையாளர்கள் காதில் விழாமல் சொல்வான். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பான். நான் சொல்லிக் கொடுத்த பையன்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு படக்குழுவினர் பேசினார்கள். இந்தக் கடலைப் பற்றிப் பெரிய ஆவணப்படம் எடுக்கிறார்கள், அதற்கு நான்தான் தலைமை டைவர். படத்தில் தொகுப்பாளராக வருகிற பெண் மூழ்கக் கற்றுக்கொண்டு சில மாதம்தான் ஆகிறது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு போகிற வேலை எனக்கு. ஊரெல்லாம் சேதி பரவிவிட்டது. சனிக்கிழமை அம்மார் என்னைக் குந்துகால் பக்கம் டீக்கடைக்குக் கூட்டிப்போனான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. நம்ம ரெண்டு பேருன்னா நான் பாத்துக்கிருவேன். அந்தப் புள்ளைக்கு நீச்சலே அரைகொறை. அவளக் கூட்டிட்டு உள்ள இருக்கையில உங்களுக்கு அன்னிக்கி மாதிரி வந்துச்சுன்னா, ரெண்டு பேரும் போயிருவீங்க."

"அதெல்லாம் வராதுடா."

"எங்கிட்டயே சொல்றீங்களா? கிளாஸக் கீழ வைங்க மொதல்ல. கையில ஊத்திக்கிறப் போறீங்க." கிளாஸை வாங்கி அவனே பெஞ்சில் வைத்தான். "அவங்க வெள்ளிக்கிழமை வாராங்க. அதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க மச்சான். காது சரியில்ல, டாக்டர் எறங்கக் கூடாதுன்னுட்டாருன்னு சொல்லுங்க. யாரு என்ன நெனைக்கப் போறா? நீங்க சொல்லாட்டி நான் சொல்ல வேண்டியதாப் போயிரும்."

அவன் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. இப்போது யோசித்தாலும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அவன் பேசப் பேச நான் அடுத்து நடக்கப்போவதைக் கணக்குப் போட்டேன். இன்றைக்குக் காது என்று சொல்வான். நாளைக்கு யாராவது துருவிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான், பொய் சொல்ல வராத பையன். டைவர் நுஃமான் தண்ணீரைக் கண்டு அலறினானாம், மச்சினன் வாயைப் பொத்திக் கூட்டிவந்தானாம் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும். எனக்குத் தண்ணீரில் வந்த அதே மூச்சடைப்பு, அந்த டீக்கடை பெஞ்சில், நல்ல வெயிலில் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மாரீஸ்வரன் கடைக்கு வந்தான். கடலில் புதிதாக என்ன கிடந்தாலும் மூத்த டைவரிடம் சொல்ல வேண்டும், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்பது எங்கள் படகு வழக்கம்.

"அண்ணே, நடுப்பாரு தெக்குக் கடசியில தங்கூசி வலை ஒண்ணு கெடக்கு. மெதப்பு பாதி அத்துப்போயி, பாறையில மாட்டிச் சும்மா தொங்குது. எங்க நங்கூரம் மாட்டிப் பெரும்பாடு பட்டுட்டோம். அம்மாருட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

"சொல்லிர்றேன்" என்றேன். தங்கூசி என்கிற மெல்லிய நைலான் நரம்பு தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. அறுந்து கிடந்தாலும் மீன் பிடிப்பதை நிறுத்தாது. அம்மாரிடம் நான் சொல்லவில்லை. அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை, மறந்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, "படக்குழுவுக்குக் காட்ட நடுப்பாரை ஒருதடவை பார்த்துவிட்டு வருவோம்" என்று நான்தான் அம்மாரைக் கூப்பிட்டேன்.

இப்போது நீங்கள் கேட்ட லென்ஸ். திங்கட்கிழமை காலையில் ஏசி அறையில் அம்மார் வைடு லென்ஸை எடுத்து, அதற்கு முன்னால் மாட்டுகிற அரைவட்டக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார் முழுவதும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வைடு போட்டால் சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். படம் எடுக்கிறவன் தலையும் நிமிர்ந்தே இருக்கும், நீந்திக்கொண்டே இருப்பான். வலை இருக்கிற பக்கம் போனால் அதில் மாட்டின மீன்களாவது படத்தில் விழுந்துவிடும்.

"மாரி இப்பத்தான் போன் பண்ணுனான். தண்ணி கலங்கிக் கெடக்காம். மேக்ரோவ மாட்டு" என்றேன்.

"நேத்துக் காத்தே இல்லயே மச்சான்?"

"வெளிக்கடல்ல அடிச்சிருக்கும். மாட்டுறா."

மாட்டினான். கிரீஸ் தடவி, கூட்டை நானே மூடி, கொக்கியை அழுத்தினேன். மாரீஸ்வரன் எனக்குப் போன் பண்ணவே இல்லை. அவன் போனை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பாருக்கு மேலே படகு நின்றபோது அடியில் இருக்கிற பாறை படகிலிருந்தே தெரிந்தது. வருஷத்தில் சில நாள்தான் தென்கடல் அப்படிக் கிடக்கும்.

"யா அல்லாஹ், கொளத்துத் தண்ணி மாதிரி கெடக்கே! உங்க பேச்சக் கேட்டு மேக்ரோவ மாட்டிட்டு வந்தேனே மச்சான்!" என்று அம்மார் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "ஏலே மாரி, கலங்கல்னு நீதான சொன்ன?"

"நானா? நான் எப்பச் சொன்னேன்?" என்றான் மாரீஸ்வரன்.

அம்மார் என்னைத் திரும்பிப் பார்த்தான். எல்லாம் முடிந்தது, கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் முகம் அப்படியே இளகிப்போனது. மேக்ரோ என்றால் ஒரே இடத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம், அங்கும் இங்கும் நீந்த வேண்டாம். நான் பயந்துபோய்த்தான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். கிட்டே வந்து, "சரி மச்சான், மேக்ரோவே எடுப்போம். ஒரே எடத்துல இருப்போம், என்ன?" என்று மெல்லச் சொன்னான். படகில் வைத்து லென்ஸை மாற்றலாமா என்று அவன் கேட்கவே இல்லை.

இறங்கினோம். எனக்கு அன்றைக்குப் பயம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. டிசம்பருக்கு அப்புறம் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. வலை எங்கே என்று தேடிக்கொண்டு தெற்குப் பக்கம் போனேன். ஒரு செத்த கிளிமீன் தண்ணீரின் நடுவில், எதன் மீதும் படாமல், ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வலை அங்கே தொங்குகிறது என்று தெரிந்துகொண்டேன். அதற்கு நேர் கீழே, பாறையில், நீலத்தில் மஞ்சள் கரை போட்ட ஓடில்லாத நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மாரின் தோளில் ஒரு தட்டுத் தட்டி அதைக் காட்டினேன்.

அவனுக்குச் சந்தோஷம். படுத்துக்கொண்டு, குழாயில் கண்ணை வைத்தான். அப்புறம் அவன் தலையைத் தூக்கவில்லை. கடல் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வலை வந்து அவன் முதுகின் மேல் படியும், விலகும், மறுபடியும் படியும். சிலிண்டரின் தலையில் ஒரு சுற்று விழுந்தது. உடம்பை நிலையாக வைக்கக் காலை அசைத்தான், காலிலும் சுற்றிக்கொண்டது. நான் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தேன். அவன் காற்று மீட்டரும் எனக்குத் தெரிந்தது. முள் பாதிக்கு வந்தது. பிறகு சிவப்புக்கு வந்தது. இரண்டு தட்டுத் தட்ட வேண்டிய நேரம். என் கை அவன் தோளுக்கு மேலேயே இருந்தது, தட்டவில்லை.

மூச்சு இழுக்கக் கனமாகிப்போன பிறகுதான் அவனாகத் தலையைத் தூக்கினான். மீட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்து, நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டான். எனக்கு மறுபடியும் அந்தப் பயம் வந்துவிட்டது, அதனால்தான் தட்டாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். நன்றாக இருக்கிறேன் என்று நானும் விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

அதற்கப்புறம் மேலே எழுந்தான், எழ முடியவில்லை. திரும்பிப் பார்த்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையால் தடவித்தான் நரம்பைக் கண்டுபிடித்தான். என் கெண்டைக்காலில் இருக்கிற கத்தியைக் காட்டினான். நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டேன். கழுத்துக்குக் குறுக்கே கையை வைத்து, காற்று இல்லை என்று காட்டினான். என் சட்டையில் இன்னொரு ஆளுக்கென்று இரண்டாவது குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். சிலிண்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறப் பார்த்தான், காலில் இருந்தது விடவில்லை. அப்போதுதான் அவன் என் முகத்தைச் சரியாகப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை ஐயா, எழுதாமல் விட்டுவிடுங்கள்.

நான் ஏறினேன். அவசரப்படவில்லை. வேகமாக ஏறினால் ரத்தத்தில் காற்று கட்டிக்கொள்ளும், அதனால் பாதியில் நிற்க வேண்டிய இடத்தில் விதிப்படி நின்றேன். கீழேயிருந்து குமிழ்கள் என்னைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தன. பிறகு வரவில்லை. மேலே வந்து, "அம்மாரக் காணோம் மாரி, நீவாடு இழுத்துருச்சு" என்று கத்தினேன். அன்றைக்கு நீரோட்டமே இல்லை என்று மாரீஸ்வரன் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் மேற்கே கையைக் காட்டினேன். எல்லாரும் இன்னும் மேற்கேதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் நடுப்பாரின் தெற்குக் கடைசியில் இருக்கிறான். ராமேஸ்வரம் டிவி டவரும் கலங்கரை விளக்கும் படகிலிருந்து பார்க்க ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் நங்கூரம் போட்டால் நேர் கீழே. இதை நான் அல்லாஹ்வுக்குப் பயந்துதான் சொல்கிறேன். இன்றைக்கு என் மாமியார் குல்சும் கரைக்கு வந்திருந்தார், நீங்களும் பார்த்தீர்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாப்பா நுஃமானு, எத்தனையோ பேரு புள்ளைய நீ எடுத்துக் குடுத்துருக்க. எம் புள்ளையவும் எடுத்துக் குடுத்துரு வாப்பா. குளிப்பாட்டி, கபனிட்டு, மண்ணுல வைக்கணும். கடல்ல கெடக்க விட்டுறாத."

அந்த வார்த்தையைக் கேட்டபிறகு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. நஸீரா என் டைவிங் சட்டையை உப்புப் போக அலசி, கொடியில் போட்டிருந்தாள். காற்றில் அதன் கையும் காலும் ஆடிக்கொண்டிருந்தன. "காலையில நீங்களே போங்க. உங்களத் தவிர வேற யாரு அவனக் கொண்டுவர முடியும்" என்றாள். சாயங்காலம் நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். விடிந்ததும் ஜீப் அனுப்புகிறேன், நீங்களே ஒருதடவை இறங்கிப் பாருங்கள் என்றீர்கள்.

நான் முட்டாள் இல்லை ஐயா. எனக்கு எதிராக உங்களிடம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். போன் வரவில்லை என்பது ஒரு கேஸ் ஆகாது. கேமராவை எடுத்தால் அதில் நத்தைப் படம்தான் இருக்கும். நான் போய் வலையை அறுத்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தால், பாவம், வலையில் மாட்டிச் செத்துப்போனான் என்று எல்லாரும் அழுவார்கள், மாமி என் தலையில் கைவைத்து துஆச் செய்வார். ஒரே ஒரு தடவை இறங்கினால் போதும், நான் தப்பித்துவிடுவேன்.

தூக்குப் போட்டால் எப்படி இருக்கும், ஆயுசுக்கும் உள்ளே இருந்தால் எப்படி இருக்கும், நஸீரா என் முகத்தில் காறித் துப்பினால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்தத் தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் தாங்கிவிடலாம் போலத்தான் இருந்தது. அம்மாரை நான்தான் கொன்றேன். கொலை என்றே எழுதுங்கள், காட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஜீப் மட்டும் வர வேண்டாம் என்று இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் ஐயா, நீங்கள் சொல்கிறவரைக்கும் என்னால் இந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியாது.